பாலேயிலும் நவீன நடனத்திலும் கறுப்பினக் கலைஞர்கள்: ஒரு மாலை நிகழ்ச்சியை எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: சலங்கை, கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் சிறிய அளவில் பரதநாட்டிய வகுப்பு நடத்தி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 29, உலக நடன நாளன்று, சீசன் கூட்டம் மலையேறி வருவதற்குள் மாணவிகளையும் பெற்றோரையும் கூட்டி ஒரு மாலை நிகழ்ச்சி வைப்போம். ஒரு வர்ணம், இரண்டு பதம், தில்லானா, பிறகு சுண்டலும் தேநீரும் என்று அது முடிந்துவிடும். இந்த முறை அப்படி வேண்டாம், பாலேயிலும் நவீன நடனத்திலும் பேர் பெற்ற கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டாடும் மாலையாக இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

காரணம் ஒரு பிள்ளை கேட்ட கேள்விதான். வகுப்பு முடிந்து ஒரு பாலே காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "மிஸ், இதுல கறுப்பா யாருமே இல்லையே, அவங்கல்லாம் இத ஆட மாட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். எங்கள் வகுப்பிலேயே அரைமண்டி மிக நன்றாக அமைந்த பிள்ளை அவள். நிறம் கறுப்பு. அவளுடைய அரங்கேற்றத்துக்கு எந்த மேக்கப் போட்டால் முகம் எடுப்பாகத் தெரியும் என்று அவள் அத்தைமார் இப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

எனக்குத் தெரிந்தது மிஸ்டி கோப்லண்ட் என்ற பெயரும் அவருடைய சில படங்களும் மட்டுமே. ஒன்றரை மணி நேரம் கைவசம் இருக்கிறது. திரையும் புரொஜெக்டரும் கிடைக்கும். பிள்ளைகள் பத்து வயதிலிருந்து பதினாறு வரை. யாரிடமிருந்து தொடங்குவது, அடிமைமுறை, நிறப் பாகுபாடு போன்ற கொடுமைகளை இந்த வயதுப் பிள்ளைகளிடம் எந்த அளவுக்குச் சொல்வது, எங்கள் பிள்ளைகளும் ஏதாவது ஆட வேண்டுமா, ஆடினால் எதை ஆடுவது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். இன்னொன்று: பிள்ளைகள் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு அந்தக் கலைஞர்களைப் போல வேடமிட்டு வரட்டுமே என்று பெற்றோர் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்கிறார். எனக்கு அது உறுத்துகிறது, ஆனால் ஏன் கூடாது என்று அவருக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

பதில் 1: பழைய நூலகர், குன்னூர்

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். மிஸ்டி கோப்லண்டிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அவருடைய பெருமையில் எனக்குச் சந்தேகமில்லை. பதின்மூன்று வயதில், அதாவது பாலேக்கு மிகவும் தாமதம் என்று கருதப்படும் வயதில் கற்கத் தொடங்கி, 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கன் பாலே தியேட்டரின் எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றில் முதன்மைக் கலைஞர் நிலைக்கு உயர்ந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர். ஆனால் அவரை முதலில் நிறுத்தினால், அதுவரை யாருமே இல்லை, 2015-இல்தான் கதவு திறந்தது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். ஹூஸ்டன் பாலேயில் லாரன் ஆண்டர்சன் 1990-இலேயே முதன்மைக் கலைஞர். அதற்கும் முன்பு 1982-இல் பென்சில்வேனியா பாலேயில் டெப்ரா ஆஸ்டின். இன்னும் பின்னால் போனால் 1951-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவின் மேடையில் ஜேனட் காலின்ஸ். ஒரு குழு திறந்த கதவு அடுத்த குழுவுக்குச் செல்லுபடியாகவில்லை என்பதையும், ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் புதிதாகப் போய்த் தட்ட வேண்டியிருந்தது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

நான் தொடங்குவதாக இருந்தால் ஆர்தர் மிட்செலிடமிருந்து தொடங்குவேன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1934-இல் பிறந்தவர். 1955-இல் நியூயார்க் சிட்டி பாலேயில் சேர்ந்தவர். அந்தக் குழுவின் ஆசிரியர் ஜார்ஜ் பாலன்ஷின் 1957-இல் 'அகோன்' என்ற படைப்பில் ஆணும் பெண்ணும் இணைந்து ஆடும் ஒரு பகுதியை மிட்செலுக்கும் டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளையினப் பெண்ணுக்கும் அமைத்தார். அலங்கார உடை கிடையாது, கதை கிடையாது, ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை மட்டும்தான். ஓரிடத்தில் அந்தப் பெண் ஒற்றைக் காலின் நுனியில் நின்று முன்பக்கம் சாய, அவளைத் தாங்க வேண்டிய ஆண் தரையில் மல்லாந்து படுத்த நிலையிலேயே அவள் பிடியை விடாமல் நிலைநிறுத்துவார். கறுத்த கையும் வெளுத்த கையும் ஒன்றையொன்று பற்றியிருப்பது கண்ணில் படட்டும் என்றே அந்த அமைப்பு செய்யப்பட்டது. லிட்டில் ராக் என்ற ஊரில் ஒன்பது கறுப்பின மாணவர்களை, அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குள் கொண்டுசேர்க்க ராணுவம் வர வேண்டியிருந்ததும் அதே 1957-இல்தான் என்பதைச் சேர்த்துச் சொன்னால், மேடையில் அவ்விரு கைகளும் செய்த காரியம் எத்தகையது என்பது விளங்கும். அமெரிக்க வணிகத் தொலைக்காட்சியில் அந்த நடனத்தை ஆட 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1968-தான் மிட்செலின் வாழ்க்கையையும் திருப்பியது. ஏப்ரல் மாதம் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, பிரேசிலில் ஒரு நடனக் குழுவை அமைக்கும் பணிக்காக அவர் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அயல்நாட்டில் செய்யப் போவதைத் தான் பிறந்த ஹார்லெமிலேயே செய்தால் என்ன என்று எண்ணி, தன் ஆசிரியர் காரல் ஷூக்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு 1969-இல் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெமைத் தொடங்கினார். ஆரம்ப வகுப்புகள் ஒரு கராஜில் நடந்தன. கோடை வெக்கைக்குக் கதவைத் திறந்து வைத்ததால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்த்த பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். 1984-இல் அந்தக் குழு, பாலேக்காரர்கள் கோயில் சொத்தைப் போலக் காத்துவந்த 'ஜிசெல்' நாடகத்தை, ஜெர்மானிய கிராமத்திலிருந்து எடுத்து 1840-களின் லூசியானாவில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் நடுவே வைத்து ஆடியது. அடவு மாறவில்லை, இசை மாறவில்லை. மண் மட்டும் மாறியது. கடன் சுமையால் 2004-இல் அந்தக் குழு மேடையேறுவதை நிறுத்த வேண்டி வந்தாலும் பள்ளியை மூடவில்லை என்பதும், 2012-இல் மீண்டும் மேடைக்கு வந்தது என்பதும் எனக்கு எந்த விருதைக் காட்டிலும் பெரிதாகத் தெரிகின்றன.

கொடுமைகளை எந்த அளவுக்குச் சொல்வது என்று கேட்டீர்கள். ஒருவர் கதையை முழுமையாகச் சொன்னால் போதும், பட்டியல் வேண்டாம். ரேவன் வில்கின்சன் 1955-இல் பாலே ரூஸ் டி மான்டி கார்லோ குழுவில் சேர்ந்தார். வெளிர்நிறத் தோலினர் என்பதால் பார்ப்பவர்களுக்கு எளிதில் தெரியாது. ஆனால் நீ கறுப்பினத்தவளா என்று நேரடியாகக் கேட்டால் இல்லையென்று பொய் சொல்ல மறுத்தார். அதனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் விடுதிகள் அவரை வெளியேற்றின. கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பின் ஆட்களின் அச்சுறுத்தல் வந்தது. சில ஊர்களுக்கு அவரை விட்டுவிட்டே குழு போனது. பிறகு ஐரோப்பாவுக்குப் போய் டச்சு தேசிய பாலேயில் ஆடினார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியும், இரவில் தூக்கமும் கெடாது.

பதில் 2: குறிஞ்சி, கொடைக்கானல்

நூலகர் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு சிறு மாறுபாடு உண்டு. பாலேயையே முதலில் வைத்தால், வேறொருவர் கட்டிய வீட்டுக்குள் கறுப்பினத்தவர் எப்படி நுழைந்தார்கள் என்ற கதையாகவே மாலை முழுவதும் போய்விடும். அவர்கள் தாமே கட்டிய வீடும் இருக்கிறது. நவீன நடனத்தில் அவர்கள் கேட்டு வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகம். ஆகவே டீச்சர், பாதி நேரத்தையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

கேதரின் டன்ஹம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தவர். 1935-இல் உதவித்தொகை பெற்று ஜமைக்கா, மார்டினிக், டிரினிடாட், ஹைதி ஆகிய தீவுகளுக்குப் போய், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தோர் ஆடிய ஆட்டங்களை அவர்களோடு தங்கி, அவர்களோடு ஆடிக் கற்றார். முதுகெலும்பு அலைபோல நெளிய, இடுப்பும் தோளும் தனித்தனித் தாளத்தில் இயங்க, தோல்மேளத்துக்கு நேராக உடல் பதில் சொல்லும் அந்த முறையை பாலேப் பயிற்சியோடு இணைத்து அவர் வகுத்த பாடமுறை இன்றும் அவர் பெயராலேயே கற்பிக்கப்படுகிறது. 1967-இல் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் என்ற ஏழை ஊரில் கலைப் பயிற்சி மையம் தொடங்கினார். 1992-இல், எண்பத்திரண்டு வயதில், ஹைதி அகதிகளை அமெரிக்கா திருப்பியனுப்புவதை எதிர்த்து நாற்பத்தேழு நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஆட்டக்காரி என்றால் ஆடிவிட்டுப் போகிறவள் என்று நினைக்கும் பெற்றோர் யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால் இதைச் சற்று அழுத்திச் சொல்லுங்கள்.

டிரினிடாடில் பிறந்த பெர்ல் பிரைமஸ் உயரக் குதிப்பதற்குப் பேர் போனவர். கல்லூரியில் உயிரியல் படித்தவர். ஆய்வகத்தில் வேலை செய்ய விரும்பினார். நிறத்தின் பொருட்டு அந்த வேலை கிடைக்காமல் போனதால்தான் நடனத்துக்கு வந்தார். கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து மரத்தில் தூக்கிலிட்ட கொடுமையைப் பற்றிய கவிதையை வைத்து அவர் 1943-இல் ஆடியது மூத்த பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லத் தக்கது. அதில் அவர் ஏற்ற பாத்திரம் கொல்லப்பட்டவருடையது அன்று. அந்தக் கும்பலில் ஒருத்தியாக நின்றுவிட்டு, எல்லாரும் கலைந்தபின் தான் பார்த்தது என்ன என்று உறைக்கப்பெறும் வெள்ளைக்காரப் பெண்ணுடையது. அபிநயம் கற்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வை யோசிக்கச் சொல்லிக் கொடுத்தாலே ஒரு வகுப்பு நிறைந்துவிடும்.

பிறகு ஆல்வின் எய்லி. டெக்ஸாஸ் மாநிலத்தில் 1931-இல் பிறந்தவர், 1958-இல் தன் குழுவைத் தொடங்கியவர், 1960-இல் 'ரெவலேஷன்ஸ்' படைத்தவர். நான் அமெரிக்காவில் படித்த காலத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். முழுவதும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். உங்கள் நேரத்தில் பகுதிகளாகத்தான் காட்ட முடியும். திரை விலகியதும் மேடை நடுவில் மண்நிற உடையில் ஒரு கூட்டம் நெருக்கியடித்து நிற்கும். எல்லாருடைய முழங்கால்களும் மடங்கி, உடல் கீழ்நோக்கி இறங்க, கைகள் மட்டும் சிறகுபோல மேலே விரியும். நம் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும், ஏனென்றால் பூமியை விட்டு எழும்பிக்கொண்டே இருக்க விரும்பும் பாலேயைப் போலன்றி இந்த நடனம் நம்முடையதைப் போலவே மண்ணோடு பேசுகிறது. இரண்டாம் பகுதியில் நீலமும் வெள்ளையுமான நீண்ட துணிகள் மேடையின் குறுக்கே ஓடி ஆறாகும். வெள்ளை உடையில், பெரிய வெள்ளைக் குடையோடு ஞானஸ்நானத்துக்குப் போவார்கள். மூன்றாம் பகுதியில் மஞ்சள் பாவாடை அணிந்த பெண்கள் முக்காலிகளில் அமர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஆலய வெக்கையில் விசிறிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். பிள்ளைகள் இங்கே கட்டாயம் சிரிப்பார்கள். துயரத்தில் தொடங்கிய நடனம் இவ்வளவு கொண்டாட்டமாக முடிவதைப் பார்த்தால், கொடுமைகளை எவ்வளவு சொல்வது என்ற உங்கள் கேள்விக்கும் எய்லியே பதில் சொல்லிவிடுவார்.

பதில் 3: கேத்திப் பள்ளத்தாக்கு

டன்ஹம் அம்மையாரைப் பற்றி எழுதியதற்கு நன்றி. நான் நீலகிரியின் படகர் சமூகம். எங்கள் ஊர் விழாக்களில் வட்டமாகக் கைகோத்து ஆடும் ஆட்டத்துக்குப் பார்வையாளர் என்று தனியாக எவரும் இல்லை. ஓரமாக நிற்பவர் கொஞ்ச நேரத்தில் வட்டத்துக்குள் வந்துவிடுவார். அதையே கோடை விழா மேடையில், பிரமுகர் வருவதற்குத் தாமதமாகும்போது நேரத்தை நிரப்ப ஆடச் சொல்லும்போது, ஆட்டம் அதுவேதான், ஆனால் ஆடுகிறவர்களுக்கு உள்ளே ஏதோ ஒன்று குறைகிறது. டன்ஹம் ஹைதியில் செய்தது இதற்கு நேர் எதிரானது. அவர் அந்த மக்களுடைய வோடு சமயத்தின் தீட்சையையே முறைப்படி பெற்று, அவர்களுள் ஒருவராக வட்டத்துக்குள் போனார். மேடைக்குக் கொண்டுவந்தபோது எந்தத் தீவின் ஆட்டம், யார் எதற்காக ஆடுவது என்பதையும் கொண்டுவந்தார். உங்கள் நிகழ்ச்சியில் ஒவ்வொரு காணொளிக்கும் முன்பாக இது எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடைய படைப்பு என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லட்டும். வெறுமனே 'ஆப்பிரிக்க நடனம்' என்று ஒட்டுமொத்தமாக அறிவிக்க வேண்டாம்.

பதில் 4: ஒப்பனைக்காரர், உதகை

மை பூசும் யோசனைக்கு என் பதில்: கூடவே கூடாது. அந்தப் பெற்றோரிடம் காரணத்தை இப்படிச் சொல்லுங்கள். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளைக்கார நடிகர்கள் கார்க்கைச் சுட்டு அந்தக் கரியை முகத்தில் அப்பிக்கொண்டு, கறுப்பினத்தவரைச் சோம்பேறியாகவும் முட்டாளாகவும் காட்டிச் சிரிப்பூட்டும் நாடகங்களை ஊர் ஊராக நடத்திக் காசு பார்த்தார்கள். அந்தக் கரிமுகம் அவர்களுக்கு இன்றும் ஆறாத புண். கொண்டாடுவதாக நினைத்து நாம் பூசினாலும், பார்க்கிற கறுப்பினத்தவருக்கு அந்தப் பழைய நாடகம்தான் நினைவுக்கு வரும். இதற்கு மறுபக்கமும் உண்டு. மேலே நூலகர் ஐயா குறிப்பிட்ட ஜேனட் காலின்ஸ், பதின்வயதில் பாலே ரூஸ் குழுவின் தேர்வுக்குப் போனபோது, முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டார்.

என் தொழில் சார்ந்த விவரம் ஒன்றைப் பிள்ளைகளிடம் காட்டினால் எல்லாப் பேச்சையும்விட எளிதாக விளங்கும். பாலே ஆடுகிற பெண்ணின், கால்நுனியில் நிற்க உதவும் பாயின்ட் ஷூவும் காலுறையும் இளஞ்சிவப்பாக இருப்பது வெறும் அழகுக்காக அன்று. வெள்ளைத் தோலோடு அந்த நிறம் கலந்து, இடுப்பிலிருந்து கால்நுனிவரை ஒரே கோடாகத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். கறுத்த பெண் அதையே அணிந்தால் அந்தக் கோடு பாதியில் வெட்டுப்பட்டு, கால் வேறு உடல் வேறாகத் தெரியும். ஆகவே 1970-களில் ஹார்லெம் குழுவினர் ஒவ்வொருவரும் தத்தம் தோலின் நிறத்துக்குக் காலுறையைச் சாயம் தோய்த்து, ஷூவுக்கும் அதே நிறம் ஏற்றத் தொடங்கினார்கள். சாட்டின் துணியில் முகத்துக்குப் போடும் ஃபவுண்டேஷனை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி, ரிப்பன், தையல் மடிப்பு எல்லாம் விடாமல் பூசி உலர்த்த வேண்டும். கடுமையான ஆட்டமாக இருந்தால் அந்த ஷூ ஒரே இரவில் நைந்துபோகும். அடுத்த ஜோடிக்கு மறுபடியும் முதலிலிருந்து. லண்டனில் 1929-இல் தொடங்கிய ஃப்ரீட் என்ற புகழ்பெற்ற ஷூ நிறுவனம், 'பாலே பிளாக்' என்ற, கறுப்பின, ஆசியக் கலைஞர்களின் குழுவோடு சேர்ந்து பழுப்பு நிறங்களில் பாயின்ட் ஷூ தயாரித்து விற்கத் தொடங்கியது 2018-இல்தான். அதுவரை அத்தனை ஆண்டுகளாக அந்தப் பெண்களின் மாலைப் பொழுதுகள் ஸ்பாஞ்சும் கையுமாகப் போயின.

நம் வீட்டிலும் இது நடக்கிறது, வேறு திசையில். அரங்கேற்றத்துக்கு மேக்கப் போடப் போனால், பிள்ளையின் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பான பேன்கேக் எனும் முகப்பூச்சைக் கொண்டு வரச் சொல்லும் தாய்மார்கள்தான் அதிகம். ஈரப் பஞ்சில் தொட்டு நெற்றி முதல் கழுத்து வரை போட்ட பிறகு பார்த்தால் முகம் ஒரு நிறம், முத்திரை பிடிக்கும் கை ஒரு நிறம். பதாகம் பிடித்து முகத்தருகே கையைக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் அது காட்டிக்கொடுக்கும். கறுத்த முகத்துக்கு அதே நிற பேன்கேக், கொஞ்சம் ஆழ்ந்த சிவப்பில் உதட்டுச்சாயம், கண்ணுக்குத் தாராளமாக மை என்று போட்டு விளக்கின் கீழே நிறுத்திப் பாருங்கள், முகபாவம் கடைசி வரிசைவரை போய்ச் சேரும். உங்கள் மாணவியின் அத்தைமாரை என்னிடம் அனுப்புங்கள், செய்தே காட்டுகிறேன்.

பதில் 5: தேயிலைக் கொழுந்து, கூடலூர்

பிள்ளைகள் எதை ஆடலாம் என்ற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. எய்லியின் படைப்பைக் காணொளியில் பார்த்து அப்படியே ஆட வைப்பது சரியாகாது. அதற்கு உரிமை உண்டு, அனுமதி வேண்டும், அதோடு அந்த உடற்பயிற்சி ஒரு மாதத்தில் வராது. அவர் எதிலிருந்து நடனத்தை எடுத்தாரோ, அந்த இடத்தை நம்மிடம் தேடலாம்.

1971-இல் எய்லி தன் தாயாரின் பிறந்தநாள் பரிசாக 'க்ரை' என்ற தனிநடனத்தை ஜூடித் ஜேமிசன் என்ற உயரமான ஆட்டக்காரிக்காக அமைத்தார். பதினாறு நிமிடம், இடைவேளையே இல்லாமல் ஒரே ஒரு பெண். எய்லியின் தாய் பருத்தி பறித்தவர், பிறர் வீடுகளில் வேலை செய்து மகனை வளர்த்தவர். ஜேமிசன் ஒரு நீளமான வெள்ளைத் துணியோடு வருவார். அதைத் தரையில் விரித்து, முழங்காலிட்டு, அதனாலேயே தரையைத் தேய்ப்பார். பிறகு அதே துணி தோளில் போர்வையாகும், தலையில் அரசியின் முண்டாசாகும். பதினாறு நிமிடத்தின் முடிவில் அந்தப் பெண் களைத்திருப்பதை மறைக்க மாட்டார்.

இதைப் பார்த்தபோது எனக்கு நம் பள்ளி ஆண்டு விழாக்களில் வரும் 'கொழுந்து பறிக்கும் நடனம்' நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. முதுகில் காலிக் கூடை, உதட்டில் சாயம், முகம் முழுக்கச் சிரிப்பு, இரண்டு விரலால் காற்றைக் கிள்ளுவார்கள். எங்கள் குடும்பம், மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, தமிழக அரசின் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டத்தில் குடியேறியது. என் அப்பாயி கொழுந்து எடுக்கும்போது சிரித்து நான் பார்த்ததில்லை. மழையில் இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனக்கும். கூடையின் கயிறு நெற்றியில் தழும்பாகப் பதிந்திருக்கும். சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நிற்பதால் மாலையில் நடை கோணலாகும். அந்தச் சாய்ந்த நிலையையும் நெற்றிக் கயிற்றையும் படங்கையும் வைத்து, டீச்சர், நீங்களே உங்கள் அடவுகளில் ஐந்து நிமிடம் அமையுங்கள். கோத்தகிரியில் உங்களிடம் படிக்கும் பிள்ளைகளில் தோட்டத்துக் குடும்பத்தவர் இல்லாமல் இருக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போய்க் கேட்டு, உடல் எப்படி வளைகிறது என்று பார்த்து வரட்டும். பிரைமஸும் 1944-இல் தென் மாநிலங்களுக்குப் போய்க் கூலிக்காரர்களோடு பருத்தி பறித்து, அவர்கள் வாழ்க்கையை நேரில் பார்த்தார்.

பதில் 6: ஒரு தாய், அருவங்காடு

எல்லாம் சரி, ஆனால் மிஸ்டி கோப்லண்டைப் பின்னுக்குத் தள்ளுவதை நான் ஏற்கவில்லை. குழந்தைக்கு வரலாறு பிறகு வரும், முதலில் வருவது படம்தான். மிக்கேலா டிபிரின்ஸ் சியரா லியோனின் உள்நாட்டுப் போரில் பெற்றோரை இழந்து அநாதை விடுதியில் வளர்ந்தவர். தோலில் வெண்திட்டுகள் இருந்ததால் அங்கே ஒதுக்கப்பட்டவர். காற்றில் பறந்து வந்த ஒரு பத்திரிகையின் அட்டையில் பாலே ஆடும் பெண்ணின் படத்தைப் பார்த்து அதைக் கிழித்து வைத்துக்கொண்டவர். அமெரிக்கக் குடும்பமொன்று தத்தெடுத்தது. ஹார்லெம் குழுவிலும் டச்சு தேசிய பாலேயிலும் ஆடினார். 2024-இல் இருபத்தொன்பது வயதில் காலமானார். அந்தப் படத்தில் இருந்த பெண் வெள்ளைக்காரி. இன்றைக்கு அப்படி ஒரு குழந்தை கையில் கோப்லண்டின் படமோ டிபிரின்ஸின் படமோ கிடைக்கலாம் என்பது சின்ன விஷயமா?

நூலகர் ஐயாவின் வரிசையும் கெடாமல் ஒரு வழி சொல்கிறேன். 2015 ஜூனில் நியூயார்க்கில் கோப்லண்ட் 'ஸ்வான் லேக்' நாயகியாக ஆடி முடித்ததும் மேடைக்கு வந்து பூச்செண்டு கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ரேவன் வில்கின்சனும் லாரன் ஆண்டர்சனும். அந்தக் காட்சியை முதலில் காட்டுங்கள். பூக்கொடுக்கும் அந்த மூதாட்டி யார் என்று பிள்ளைகளே கேட்பார்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம்.

சலங்கை, கோத்தகிரி

எல்லாருக்கும் நன்றி. அருவங்காடு அம்மா சொன்ன பூச்செண்டுக் காட்சியில் தொடங்குகிறேன். அதிலிருந்து வில்கின்சன், பிறகு மிட்செலும் 'அகோனும்', ஹார்லெம் பள்ளி. அங்கே நிறுத்தி, ஒப்பனைக்கார அண்ணன் சம்மதித்தால் அவரே மேடையேறி ஒரு சாட்டின் துணியில் நிறம் பூசிக் காட்டட்டும். அதன் பின் டன்ஹம், 'ரெவலேஷன்ஸ்' துண்டுகள் மூன்று. பிரைமஸை மூத்த மாணவிகளுக்கு மட்டும் முந்தைய வாரமே தனி வகுப்பாக வைத்துக்கொள்கிறேன். கூடலூர் சகோதரர் சொன்ன ஐந்து நிமிடத்துக்கு வேலை தொடங்கிவிட்டது; எங்களிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் பாட்டி, நெற்றிக் கயிற்றை எப்படி மாட்டுவது என்று கற்றுக்கொடுக்க வகுப்புக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். மை பூசச் சொன்ன பெற்றோரிடம் கார்க் கரியின் கதையைச் சொன்னேன். இதெல்லாம் யாருங்க சொல்லித் தந்தாங்க என்று கேட்டவர், அன்றைக்கு அறிவிப்புகள் எழுதும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: 'ரெவலேஷன்ஸ்' மூன்றாம் பகுதியை நிகழ்ச்சியின் முடிவில் வைப்பதா, எங்கள் பிள்ளைகளின் நடனத்தை முடிவில் வைப்பதா?

குறிஞ்சி, கொடைக்கானல்

பிள்ளைகளின் நடனத்தை முன்னால் வையுங்கள் டீச்சர். ஐந்து நிமிட உழைப்பு நடனத்துக்கு அமைதியான கூட்டம் வேண்டும். மஞ்சள் பாவாடைக்குப் பிறகு கூட்டம் அமைதியாக இருக்காது, கைதட்டிக்கொண்டே இருக்கும். எய்லி குழு தன் பெயரில் வெளியிட்டிருக்கும் காணொளித் துண்டுகளையே பயன்படுத்துங்கள், யார் யாரோ கைப்பேசியில் எடுத்துப் போட்டவை வேண்டாம். அவற்றை முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மூடுபனி இறங்கினால் நம் மலையில் நெட்வொர்க்கை நம்ப முடியாது. புரொஜெக்டரின் ஒலி டன்ஹமின் மேளத்துக்குப் போதாது. கல்யாண வீட்டு ஸ்பீக்கர் ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.